கடைசி நிறுத்தம் வரை

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அத்தானும் நலம் என்று எழுதிவிட்டு நிமிர்ந்தால், அத்தான் பக்கத்து நாற்காலியிலிருந்து எட்டிப் பார்க்கிறார். அதனால் திருத்தி எழுதுகிறேன். நான் நலம், அவர் தேவலாம். வலது கையைத் தோள் வரை தூக்குகிறார். உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற பெண் சென்ற வியாழக்கிழமை கை தட்டியதும் இவருக்குத் தலைகால் புரியவில்லை. திரும்பி வரும்போது கண்டக்டரிடம் கையைத் தூக்கிக் காட்ட, அவர் டிக்கெட் கேட்கிறார் என்று நினைத்துவிட்டார்.

போனில் பேசினால் உனக்குப் பதிலாக உன் அச்சு மெஷின்தான் பேசுகிறது. அதனால் வழக்கம்போல் இதைக் காலை வண்டியில் கொடுத்து அனுப்புகிறேன். வண்டி உன் அச்சகத்துக்கு எதிரிலேயே நிற்கிறதாம், நீ வெளியே வந்து வாங்குவதில்லையாம், கண்டக்டர்தான் இறங்கி வந்து கொடுக்கிறாராம். குறைப்பட்டுக்கொண்டார்.

சீட்டு எடுத்ததும் நீ போட்ட முகத்தை நினைத்து இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அத்தானுக்கு எல்லாம் விளக்கமாகச் சொன்னேன். பயணிகள் சங்கங்களின் மண்டலக் கூட்டத்தில் அவரவர் ஊருக்கு அவரவர் பேசினால் சந்தைக்கடை ஆகிவிடுகிறது, அதனால்தான் சீட்டுப் போட்டு ஒரு ஊருக்காக இன்னொரு ஊர்க்காரர் பேசுகிறோம் என்றேன். இந்தத் தடவை தம்பி எங்கள் ஊருக்குப் பேச வேண்டும், நான் தம்பி ஊருக்குப் பேச வேண்டும் என்றதும் அவரும் சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வது? நம் இரண்டு ஊருக்கும் நடுவே ஓடுகிற நேர்வண்டியைப் பாலத்தடியில் இரண்டாக வெட்டு, மிச்சமாகிற வண்டிகளை உங்கள் ஊருக்குள் கூடுதலாக விடு என்று உங்கள் ஊர் கேட்கிறது. வெட்டாதே என்று எங்கள் ஊர் கேட்கிறது. இப்போது வெட்டச் சொல்லி நான் பேச வேண்டும், வெட்டாதே என்று நீ பேச வேண்டும். குடைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தாரே, பார்த்தாயா? நிழற்குடை வேண்டும் என்பதைத் தவிர வேறெதற்கும் வாய் திறக்காத மனுஷர்!

மறுபடி சீட்டுப் போடலாமா என்று தலைவர் கேட்டபோது வேண்டாம் என்றவள் நான்தான். ஏன் என்று உனக்குத் தெரியும். யாருக்காகப் பேசுகிறோமோ அவர்கள் வண்டியில் கடைசி நிறுத்தம் வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும் என்பது கூட்டத்தின் விதி. எங்கள் கடைசி நிறுத்தத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று வந்தவன் நீ. அத்தான் பக்கவாதத்தில் விழுந்தபோதுகூட ஆஸ்பத்திரிக்கு வந்தாயே தவிர இங்கே வரவில்லை. வியாழக்கிழமை தவறாமல் நாங்கள்தான் உன் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறோமே, அப்புறம் எதற்கு என்பாய். அக்கா வீட்டுக்குத் தம்பி வருவது வேறு. இனி நீ தப்பிக்க முடியாது.

உனக்கு ஒரு சட்டை வெட்டி வைத்திருக்கிறேன். பழைய அளவுதான் இருக்கிறது. தொப்பையோடு வந்து சேர், அளவு எடுக்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

கண்டக்டர் உன் கடிதத்தையும் கொடுத்துவிட்டு, "உங்க அக்கா மூணாவது தடவையா கேட்டுட்டாங்க சார், எப்ப வர்றீங்க?" என்று வேறு கேட்கிறார். கடிதத்துக்கு வாய் முளைத்தது போதாதென்று வண்டிக்கும் முளைத்துவிட்டதா?

தேர்வுத்தாள் அச்சடிக்கிற மாதம் இது. ராத்திரி பகல் தெரியவில்லை. வெளியே போனால் கதவைப் பூட்டி, சாவியைப் பள்ளிக்கூடத்துக்காரர் கையில் கொடுத்துவிட்டுப் போகவேண்டிய நிலைமை. ஆனாலும் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுகிறேன். சமைத்து வை.

வராவிட்டாலும் உன் வழித்தடம் எனக்கு மனப்பாடம். எத்தனை வருஷமாக எழுதியிருக்கிறாய்! கண்ணை மூடினால் பாலத்தடி, அடுத்தது நூல் மில் வாசல், ஷிப்ட் விட்டு வருகிற பெண்கள், அதற்கப்புறம் பெண்கள் பள்ளி, ஏறும்போதே சண்டை போட்டுக்கொண்டு ஏறுகிற பிள்ளைகள், மேட்டில் வண்டி முனகுவது, தண்ணீர்த் தொட்டி, உன் வீடு. இவ்வளவையும் நான் பேசினால் போக்குவரத்துக் கழக மேலாளர் கண்ணில் தண்ணீர் வந்துவிடும், பார்.

நீதான் கஷ்டப்படப்போகிறாய். உன் வண்டியை வெட்டச் சொல்லி நீயே எப்படிப் பேசுவாய்? பேருக்கு நாலு வார்த்தை சொல்லி உட்கார்ந்துவிடு, யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

அத்தானை இரண்டு கையாலும் ஒருநாள் என்னை அறையச் சொல். அன்றைக்கு நானே எல்லோருக்கும் சாப்பாடு போடுகிறேன்.

உன் தம்பி


மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

நீ சொன்ன ஞாயிற்றுக்கிழமை அத்தானுக்கு முகச்சவரம் செய்துவிட்டேன். வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்கு நேராக நாற்காலியைத் திருப்பச் சொன்னார். நான் நிறுத்தத்தில் போய் நின்றேன். காலை வண்டி வந்தது, மதிய வண்டி வந்தது. சாயங்கால வண்டியில் இறங்கின கண்டக்டர் என்னைப் பார்த்ததும் எதுவும் கேட்காமலே தலையை ஆட்டிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். "வேலை இருந்திருக்கும்," என்றார் அத்தான். இருந்திருக்கும். சமைத்ததைப் பக்கத்துக் கடைக்காரம்மா வீட்டுப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.

சரி, விடு. நான் போன கதையைச் சொல்கிறேன். வியாழக்கிழமை அத்தானைப் பயிற்சியில் விட்டுவிட்டு உங்கள் ஊர் வண்டியில் ஏறினேன். ஏறினேன் என்று எழுதுவது எளிது. மூன்று வண்டி நிற்காமலே போய், நாலாவதில் ஒரு கால் வைத்தேன். இன்னொரு காலை வைக்க அடுத்த நிறுத்தம் வரை ஆயிற்று. பக்கத்தில் ஒரு நர்ஸ். ராத்திரி வேலை முடித்து வருகிறாள். நின்றுகொண்டே தூங்குகிறாள் தம்பி, கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு. தையல் கம்பெனிப் பெண்கள் சொன்னார்கள், தாமதமானால் அரை நாள் சம்பளம் போய்விடுமாம். ஒருத்தி என்னைக் கேட்டாள், "நீங்க பேசப் போற கூட்டத்துல எங்களப் பத்திச் சொல்லுவீங்களா அக்கா?" சொல்கிறேன் என்றேன்.

கடைசி நிறுத்தம் வரை போனேன். திரும்பி வரும்போது மனசு சரியில்லை. உங்கள் ஊருக்கு வண்டி வேண்டும்தான். அதைப் பேருக்கு நாலு வார்த்தை என்று பேச என்னால் முடியாது. நான் நன்றாகத்தான் பேசுவேன். நீ அதைவிட நன்றாகப் பேசு. அப்போதுதான் இரண்டு பக்கமும் நிறுத்துப் பார்த்து நியாயமாக ஒரு முடிவு எடுப்பார்கள்.

கூட்டத்துக்கு முன்னால் இன்னும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. இந்தப் பக்கம் சிலது மாறியிருக்கிறது. என்ன என்று எழுத மாட்டேன். எழுதினால் அதையே படித்துவிட்டு நீ வராமல் இருந்துவிடுவாய். வந்து பார்.

அக்கா


மார்ச் 20

அக்கா,

கூட்டம் முடிந்து நாலு நாளாக எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

நூல் மில் பெண்களைப் பற்றி நான் உருகி உருகிப் பேசிக்கொண்டிருந்தபோது மேலாளர் கையைத் தூக்கினாரே, அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. "சார், குறுக்க பேசறதுக்கு மன்னிக்கணும். அந்த மில்லு மூடி வருஷக்கணக்காச்சு. ஸ்கூலையும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாத்திட்டாங்க. நீங்க எந்த வண்டியில போனீங்க?" எல்லோரும் சிரித்தார்கள். குடைக்காரர்கூடச் சிரித்தார். நீ மட்டும் சிரிக்கவில்லை. மடியில் இருந்த பையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அதற்கப்புறம் நான் பேசியது எதுவும் எடுபடவில்லை. நீ எழுந்து அந்த நர்ஸைப் பற்றிச் சொன்னாய். வெட்டுவது என்று முடிவானதும் எங்கள் ஊர்க்காரர்கள் என்னைத்தான் கட்டிப்பிடித்துப் பாராட்டினார்கள். தோற்றவனைப் பாராட்டுகிறார்கள் அக்கா! எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. மில் மூடியதை நீ ஏன் ஒரு வரி எழுதவில்லை? வந்து பார், வந்து பார் என்று பிடிவாதம் பிடிக்காமல் எழுதியிருந்தால் நான் மாட்டியிருக்க மாட்டேன். நீயும் கொஞ்சம் குறைத்துப் பேசியிருக்கலாம். உன் வண்டி அக்கா, அத்தான் போகிற வண்டி. அதை வைத்துக்கொண்டா அவ்வளவு நேர்மை?

வியாழக்கிழமைக்கு ஏதாவது வழி செய்வோம். கவலைப்படாதே.

தம்பி


மார்ச் 30

தம்பிக்கு,

நாளையோடு நேர்வண்டி நின்றுவிடுகிறது. இது அதில் வருகிற கடைசிக் கடிதம். கண்டக்டரை வேறு தடத்துக்கு மாற்றிவிட்டார்கள். இதை மட்டுமாவது நீ வெளியே வந்து கையில் வாங்கிக்கொள்.

நான் குறைத்துப் பேசியிருக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். இரண்டு நாள் அதையே படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்களிடம் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுக் குறைத்துப் பேசுவதா? உனக்கு அக்காவாக இருந்து இத்தனை வருஷத்தில் நீ என்னைத் தெரிந்துகொண்டது இவ்வளவுதானா?

மில் போனதை எழுதவில்லைதான். அதில் என் தப்பும் இருக்கிறது. உன்னை வரவைக்க ஒரு சாக்கு கிடைத்ததே என்று விளையாட்டாக இருந்துவிட்டேன். வந்திருந்தால் காட்டியிருப்பேன். மில் இருந்த இடத்தில் இப்போது முதியோர் மருத்துவமனைக் கட்டடம் வருகிறது. செங்கல் சூளைப் பெண்கள் விடியற்காலையில் கைக்குழந்தையோடு ஏறுகிறார்கள். சிறுநீரகக் கோளாறுக்கு மெஷினில் ரத்தம் சுத்தம் செய்துகொள்ளப் போகிற மூன்று பேர் முன் இருக்கையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் யாரும் நடுவழியில் இறங்கி இன்னொரு வண்டி ஏறக்கூடியவர்கள் இல்லை. இதில் பாதியைச் சொல்லியிருந்தால்கூடப் போதும், வண்டி நின்றிருக்காது.

எனக்கு வலிப்பது அதுவும் இல்லை. நீ பேச எழுந்ததும் தலைவர் வழக்கம்போல் கேட்டார், "கடைசி நிறுத்தம் வரைக்கும் போனீங்களா?" என்று. நீ "போனேன்" என்றாய். என்னைப் பார்க்காமல் சொன்னாய். நான் எழுந்து, இல்லை, இவர் வரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விதிப்படி விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போயிருக்கும். வண்டி பிழைத்திருக்கும். நாலு பேர் முன்னால் உன்னைப் பொய்யன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டியா தம்பியா என்று வந்தபோது நான் உன் பக்கம்தான் நின்றேன். அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். சொல்லிக்காட்டுவதாக நினைத்தால் நினைத்துக்கொள்.

நான் பேசியதை நினைத்து எனக்கு வருத்தம் இல்லை. பேசாமல் இருந்ததை நினைத்துத்தான் வருத்தம்.

அக்கா


ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கு,

வெளியே வந்து கையில் வாங்கிக்கொண்டேன். கண்டக்டர் என்னிடம் கை கொடுத்துவிட்டுப் போனார்.

மன்னித்துவிடு. ஏன் "போனேன்" என்றேன் என்று எனக்கே தெரியவில்லை. சொல்லும்போது பொய் என்றே தோன்றவில்லை அக்கா. அவ்வளவு தடவை உன் எழுத்தில் போயிருக்கிறேன்.

வியாழக்கிழமைகளில் ஒரு வாடகைக் கார் அனுப்புகிறேன். வேண்டாம் என்று சொல்லாதே. நானே ஒருநாள் வருகிறேன். நிச்சயமாக வருகிறேன்.

தம்பி


மே 9

அன்புள்ள தம்பிக்கு,

தபாலில் போடுகிறேன், எப்போது கிடைக்குமோ. கார் இரண்டு வாரம் வந்தது. அதற்கப்புறம் டிரைவருக்கு வேறு சவாரி வந்துவிட்டது. அவரைத் திட்டாதே, சொல்லிவிட்டுத்தான் நின்றார்.

வண்டியில் ஒரு தடவை முயற்சி செய்தோம். பாலத்தடி வரை சரியாக வந்துவிட்டோம். அடுத்த வண்டி சாலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. முகம் தெரியாத இரண்டு பேர் அத்தானைச் சக்கர நாற்காலியோடு தூக்கினார்கள், நல்ல பிள்ளைகள். நடுச்சாலையில் ஹாரன் சத்தத்தில் இவருக்கு உடம்பெல்லாம் நடுங்கி, உடுத்தியிருந்தது நனைந்துவிட்டது. அவர் அழுது நான் பார்த்ததில்லை. அப்படியே திரும்பிவிட்டோம். கை மறுபடி மடி மேலேயே கிடக்கிறது.

மகள் வந்து பார்த்துவிட்டு, "எங்கூட வந்துடுங்கம்மா, அங்க ஆஸ்பத்திரி எங்க வீட்டுத் தெருவுலயே இருக்கு," என்று சொல்லிவிட்டாள். மருமகனும் நல்ல மாதிரி. பதினேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்கள் காரிலேயே கிளம்புகிறோம். தையல் மெஷினை விற்கவில்லை, கொண்டுபோகிறேன். எத்தனை தூரம் என்று உனக்குத் தெரியும். வியாழக்கிழமை சாப்பாட்டுக்கெல்லாம் இனி வரமுடியாது. உன் மனைவியிடம் சொல், என் பங்கை அவளே சாப்பிடட்டும்.

உன்மேல் கோபமா என்று உன் மனைவி போனில் கேட்டாள். கோபம் இருந்தது, போய்விட்டது. போன இடத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

முடிந்தால் கிளம்புவதற்கு முன்னால் வந்துவிட்டுப் போ. அத்தான் உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார்.

அக்கா


மே 17, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் ஊர்க் கடைசி நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே நிழற்குடை இல்லை. குடைக்காரர் சொன்னபோதெல்லாம் சிரித்திருக்கிறேன்.

வாடகைக் கார் பிடித்திருக்கலாம். "கார்ல போங்களேன், இன்னிக்கு ஒரு நாளாவது," என்று என் மனைவி தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள். நான்தான் கேட்கவில்லை. போனால் வண்டியில்தான் போக வேண்டும், விதிப்படி கடைசி நிறுத்தம் வரை போய்த்தான் உன் முகத்தில் விழிக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்துவிட்டேன். புதுக் கால அட்டவணையைப் பார்த்துத்தான் கிளம்பினேன். என் அச்சகத்தில் அடித்த அட்டவணைதான். பாலத்தடியில் இறங்கி நடந்து சாலையைக் கடந்தால் அடுத்த வண்டி தயாராக நிற்கும் என்று அதில் அழகாகப் போட்டிருக்கிறது. ரயில்வே கேட் மூடி எங்கள் வண்டி நின்றுபோயிற்று. சாலைக்கு இந்தப் பக்கம் நான் இறங்கும்போதே அந்தப் பக்கம் வண்டி புறப்படுவதைப் பார்த்தேன். கையை ஆட்டினேன், கத்தினேன். நடுவில் லாரிகள். என்னைப் போலவே இன்னொரு கிழவரும் கத்தினார். இருவரும் பாலத்தின் தூணடியில் உட்கார்ந்திருந்தோம். உனக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சாமான் ஏற்றிக்கொண்டிருந்திருப்பாய்.

அடுத்த வண்டி வர மதியம் தாண்டிவிட்டது. முதியோர் மருத்துவமனையைப் பார்த்தேன், இரண்டாவது மாடி போட்டுவிட்டார்கள். சூளை நிறுத்தத்தில் ஒரு பெண் குழந்தையை என் மடியில் கொடுத்துவிட்டு நின்றுகொண்டு வந்தாள். மேட்டில் வண்டி முனகுகிறது என்று எழுதியிருந்தாய், முனகவில்லை. வண்டி மாறிவிட்டது போலிருக்கிறது.

வீடு பூட்டியிருந்தது. கடைக்காரம்மா என்னைப் பார்த்ததுமே, "தம்பியா? அவங்க முகம் அப்படியே இருக்கு. இப்பத்தான் போனாங்க. கார எடுக்கவிடாம உங்கக்கா ரொம்ப நேரம் நின்னாங்க," என்றார். அத்தான் காருக்குள்ளிருந்து நிறுத்தத்தையே திரும்பித் திரும்பிப் பார்த்தாராம். அதை அந்த அம்மா சொல்லாமலே இருந்திருக்கலாம்.

என்னிடம் கொடுக்கச் சொல்லி நீ வைத்துவிட்டுப் போன சட்டையைக் கொடுத்தார். எனக்கு இப்போது யாரும் கேட்காமலே உன் வழித்தடத்தைப் பற்றி எல்லாம் சொல்லத் தெரிகிறது. அடுத்த மண்டலக் கூட்டத்தில் எழுந்து, போன தடவை நான் போகவில்லை என்று முதலில் சொல்லப்போகிறேன். அதற்கப்புறம் என்னைப் பேசவிடுவார்களா என்று தெரியாது. விட்டால் சூளைப் பெண்களைப் பற்றிச் சொல்வேன். வண்டி திரும்பி வந்தாலும் அது நீ ஏறாத வண்டியாகத்தான் இருக்கும்.

உன் புது விலாசம் என்னிடம் இல்லை. கடைக்காரம்மாவிடமும் இல்லை. போனில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்தான். நீயாக ஒருநாள் எழுதி அனுப்புகிற வரைக்கும் இந்தக் கடிதம் என் சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.

கடைக்காரம்மா போன பிறகு, யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, நிறுத்தத்திலேயே உன் சட்டையைப் போட்டுப் பார்த்தேன். தோள் சரியாக இருக்கிறது, கையும் சரி. வயிற்றுக்கு நேரே பொத்தான் எட்டவில்லை. மூச்சை உள்ளே இழுத்துப் பார்த்தேன், அப்போதும் எட்டவில்லை. அளவு எடுக்க வா என்று பிப்ரவரியிலேயே கூப்பிட்டாய்.

கழற்ற மனசு வரவில்லை. திறந்த சட்டையோடு உட்கார்ந்திருக்கிறேன். பாலத்தடிக்குப் போகிற வண்டி இன்னும் வரவில்லை.

உன் தம்பி